எலிஃப் போட்டும் எல்லாமே "சிறியது" என்று வருகிறது, ஏன்?

அரைப்புள்ளி எழுதியது:

வணக்கம். தொழில் மொழிபெயர்ப்பு, வயது நாற்பத்தொன்று, பைத்தான் நிரல்மொழியைத் தொட்டு ஆறு வாரம் ஆகிறது. மொபைலில் தட்டுகிறேன். விசைப்பலகையை மாற்றி மாற்றி அடிக்கப் பொறுமை இல்லாததால், புரோகிராம் வரிகளையும் தமிழ் எழுத்திலேயே போட்டிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வரும் வேலைகளைச் சொல் எண்ணிக்கையை வைத்து மூன்றாகப் பிரிக்க நினைத்தேன். 500 சொல் வரை சிறியது, 2000 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. இப்படி எழுதினேன்:

சொற்கள் = இன்ட்(இன்புட்("எத்தனை சொல்? "))
இஃப் சொற்கள் > 0:
    பிரிண்ட்("சிறியது")
எலிஃப் சொற்கள் > 500:
    பிரிண்ட்("நடுத்தரம்")
எலிஃப் சொற்கள் > 2000:
    பிரிண்ட்("பெரியது")

3000 கொடுத்தாலும் "சிறியது" என்கிறது. 90000 கொடுத்தேன், அதுவும் சிறியதாம். ஒரு நாவலையே சிறியது என்று சொன்ன முதல் ஆள் இதுதான். எலிஃப் எல்லாவற்றையும் இஃப் ஆக்கிப் பார்த்தேன். 3000 கொடுத்ததும் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்றும் வரிசையாக வந்தன. ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் படித்தால் தவறாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எனக்குத் தெரிந்த மூலமொழிகள் பிரெஞ்சும் ஆங்கிலமும் மட்டும். அதனால்,

இஃப் மொழி == "பிரெஞ்சு" ஆர் "ஆங்கிலம்":
    பிரிண்ட்("செய்யலாம்")

என்று வைத்தேன். சோதிக்க "ஜப்பானியம்" என்று கொடுத்தால் "செய்யலாம்" என்கிறது. என் திறமை மேல் என்னைவிட அதற்கு நம்பிக்கை அதிகம். இந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றா, வேறு வேறா?


பழையகோடு எழுதியது:

வேறு வேறு. ஆனால் இரண்டுமே நாம் மனிதருக்குச் சொல்வதுபோலக் கணினிக்கும் சொல்வதால் வருபவை.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் படித்தால் தவறு தெரியவில்லை என்கிறீர்களே, சிக்கல் அதில்தான் இருக்கிறது. எலிஃப் வரியைத் தனியாகப் படிக்கவே கூடாது. இஃப் (இப்படியானால்), எலிஃப் (இல்லை, இப்படியானால்), எல்ஸ் (எதுவும் இல்லையென்றால்) எல்லாம் சேர்ந்து ஒரே சங்கிலி. கணினி மேலிருந்து கீழே வரும். முதலில் எது உண்மையாகிறதோ அதற்குள் போகும், அதைச் செய்துவிட்டுச் சங்கிலியை விட்டே வெளியே போய்விடும். கீழே இதைவிடப் பொருத்தமான வரி இருக்கிறதா என்று எட்டிக்கூடப் பார்க்காது. 3000 என்பது 0-ஐ விடப் பெரியதுதானே? முதல் வாசலிலேயே உள்ளே போய்விட்டது. உங்கள் இரண்டாவது, மூன்றாவது பிரிண்டுகளுக்கு எந்த எண்ணும் போய்ச் சேரவே முடியாது. அவை இருந்தும் இல்லாதவை.

இப்படி மாற்றுங்கள்:

இஃப் சொற்கள் > 2000:
    பிரிண்ட்("பெரியது")
எலிஃப் சொற்கள் > 500:
    பிரிண்ட்("நடுத்தரம்")
எலிஃப் சொற்கள் > 0:
    பிரிண்ட்("சிறியது")
எல்ஸ்:
    பிரிண்ட்("சொல் எண்ணிக்கையைச் சரிபார்")

இதில் இரண்டாவது வரி வெறும் "500-க்கு மேல்" என்று சொல்லவில்லை. "2000-க்கு மேல் இல்லை, ஆனால் 500-க்கு மேல்" என்று சொல்கிறது. அந்த முதல் பாதியை நீங்கள் எழுதவில்லை. மேல் வரி தோற்றுப்போனதால் தானாக ஒட்டிக்கொண்டது. எலிஃப் சங்கிலியைப் படிக்கும்போது ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் "மேலே சொன்ன எதுவும் இல்லையென்றால்" என்று முணுமுணுத்துக்கொண்டே படியுங்கள். நான் இருபது வருடமாக அப்படித்தான் படிக்கிறேன். பக்கத்து இருக்கைக்காரர் முதலில் ஒரு மாதிரி பார்ப்பார், அப்புறம் பழகிவிடும்.

எல்லாவற்றையும் இஃப் ஆக்கியபோது மூன்றும் வந்ததற்குக் காரணமும் இதுவே. அப்போது சங்கிலி இல்லை, மூன்று தனிக் கேள்விகள். 3000-க்கு மூன்று கேள்விக்கும் விடை "ஆம்".

இரண்டாவதற்கு வருகிறேன். நீங்கள் எழுதியதைக் கணினி இப்படி அடைப்பு போட்டுப் படிக்கிறது:

(மொழி == "பிரெஞ்சு") ஆர் ("ஆங்கிலம்")

இடது பக்கம் ஒரு கேள்வி. வலது பக்கம் கேள்வியே இல்லை, வெறும் ஒரு சொல். பைத்தானில் காலியாக இல்லாத எந்தச் சரமும் (மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்துத் தொடர்) இஃப் கண்ணுக்கு உண்மைதான். "ஆங்கிலம்" காலி இல்லை, ஆகவே உண்மை. ஆகவே முழு வரியும் எப்போதும் உண்மை. மொழி என்னவாக இருந்தாலும் கவலையில்லை. சரியான வடிவம்:

இஃப் மொழி இன் ("பிரெஞ்சு", "ஆங்கிலம்"):

இல்லாவிட்டால், "அல்லது" என்று பொருள்படும் ஆர் என்ற சொல்லுக்கு இரண்டு பக்கமும் மொழி == என்று முழுதாக எழுத வேண்டும். தமிழில் "மொழி பிரெஞ்சோ ஆங்கிலமோ ஆனால்" என்கிறோம். அந்த ஓகாரம் இரண்டு சொல்லிலும் ஒட்டி, கேள்வியை இரண்டுக்கும் பங்கு போட்டுவிடுகிறது. ஆருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

சோதிக்கும்போது 3000, 90000 என்று நடுவில் கிடக்கும் எண்களைக் கொடுக்காதீர்கள். எல்லையில் நிற்பவற்றைக் கொடுங்கள்: 0, 1, 500, 501, 2000, 2001. கூடவே ஒரு குறை எண், -5. நிபந்தனையில் தவறு இருந்தால் பெரும்பாலும் வேலி ஓரத்தில்தான் இருக்கும். > போடுவதா >= போடுவதா என்பது 500 கொடுத்தால் மட்டும்தான் வெளியே வரும்.


நள்ளிரவு எழுதியது:

பழையகோடு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பைத்தானில் 500 < சொற்கள் <= 2000 என்று கணக்குப் புத்தகத்தில் எழுதுவதுபோலவே எழுதலாம், சரியாக வேலை செய்யும். ஆனால் அந்தப் பழக்கத்தோடு சி மொழிக்குப் போனால் கவனம். அங்கே முதலில் 500 < சொற்கள் என்பதைக் கணக்கிடும், விடை 0 அல்லது 1. அப்புறம் அந்த 0 அல்லது 1-ஐ 2000-உடன் ஒப்பிடும். எப்போதும் உண்மைதான். எனக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு முழு ராத்திரி போனது. பெயர்க்காரணம் கேட்காதீர்கள்.

சமக்குறி விஷயமும் அப்படியே. பைத்தானில் இஃப் வரியில் == போட வேண்டிய இடத்தில் ஒற்றை = போட்டால் இலக்கணப் பிழை என்று அங்கேயே நிறுத்திவிடும். சி நிறுத்தாது. ஒப்பிடுவதற்குப் பதிலாக மதிப்பைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். 2003 நவம்பரில் லினக்ஸ் கெர்னல் (அந்த இயங்குதளத்தின் மையப்பகுதி) மூலநிரலின் ஒரு பிரதிக்குள் யாரோ இதை வைத்தே பின்வாசல் திறக்கப் பார்த்தார்கள். பயனர் எண் 0 தானா என்று சோதிப்பதுபோலத் தெரியும் ஒரு நிபந்தனை. ஒற்றை = இருந்ததால் அது சோதிக்கவில்லை, கேட்டவரின் பயனர் எண்ணை 0 ஆக்கியது. 0 என்றால் ரூட், முழு அதிகாரம். மூலக் களஞ்சியத்தில் இல்லாத மாற்றம் பிரதியில் மட்டும் எப்படி வந்தது என்று பார்த்ததில் பிடிபட்டது. ஒரே ஒரு சமக்குறி.


ஒற்றெழுத்து எழுதியது:

தமிழ்ச் சொற்களை == வைத்து ஒப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இது பாடங்களில் வராது.

"கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுக்குப் பின் ஒகரக் குறி ஒன்றே வரலாம். அல்லது க-வுக்குப் பின் எகரக் குறி, அதன் பின் துணைக்கால் என்று இரண்டாக வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு சரங்கள். "கொரியம்" == "கொரியம்" ஃபால்ஸ் (பொய்) என்று வந்தால் பேய் பிடித்ததாக நினைக்க வேண்டாம். ஒன்று ஒரு விசைப்பலகையில் அடித்தது, மற்றது வேறு எங்கிருந்தோ ஒட்டியது, அவ்வளவுதான். கோ, கௌ போன்றவற்றிலும் இதே கதை. ஒப்பிடும் முன் யூனிகோட்டேட்டா தொகுதியில் உள்ள நார்மலைஸ் செயற்கூற்றால் (ஃபங்ஷன்) இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் இடைவெளியை நீக்க ஸ்ட்ரிப்.

அரைப்புள்ளிக்குப் பிடிக்கும் என்று இன்னொன்று. எழில் என்ற தமிழ் நிரல்மொழியில் இஃபுக்கு "ஆனால்", எலிஃபுக்கு "இல்லைஆனால்", எல்ஸுக்கு "இல்லை". நிபந்தனை முன்னால் அடைப்புக்குள் வரும், "ஆனால்" அதன் பின்னால் வரும்:

@( சொற்கள் > 2000 ) ஆனால்

தமிழில் "ஆல்" எப்போதும் பின்னால்தானே ஒட்டும். யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். "ஆனால்" என்றதும் மறுத்துப் பேசப் போகிறது என்று நினைத்து நான் முதல் அரைமணி நேரம் குழம்பினேன், அது என் குற்றம்.


அரைப்புள்ளி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வரிசையைத் திருப்பியதும் நாவல் பெரியது ஆகிவிட்டது. ஏழு எண்களும் கொடுத்துப் பார்த்தேன், -5-க்குக்கூட ஒழுங்காகத் திட்டுகிறது. ஓகார விளக்கத்தை நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அந்தத் தெம்பில் அடுத்த வேலைக்குப் போனேன், மறுபடி மாட்டிக்கொண்டேன். பயனர் "சரி" அல்லது "வேண்டாம்" என்று அடிக்கும்வரை திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். இந்த முறை இரண்டு பக்கமும் முழுதாகவே எழுதினேன்:

வைல் பதில் != "சரி" ஆர் பதில் != "வேண்டாம்":
    பதில் = இன்புட்("சரியா, வேண்டாமா? ")

"சரி" அடித்தாலும் கேட்கிறது, "வேண்டாம்" அடித்தாலும் கேட்கிறது. சன்னலை மூடித்தான் தப்பித்தேன்.

கூடவே ஒரு பெரிய சந்தேகம். வேலையை ஏற்பதா என்று முடிவு செய்ய இஃபுக்குள் இஃப், அதற்குள் இஃப் என்று போய், வரி திரையின் வலது ஓரத்துக்கே வந்துவிட்டது. என் விதி சுருக்கமானதுதான்: மொழி தெரிந்திருக்க வேண்டும், கையில் ஏற்கெனவே நான்கு வேலை இருக்கக் கூடாது, கெடுவுக்கு மூன்று நாளாவது இருக்க வேண்டும், ஆனால் 300 சொல்லுக்குள் என்றால் நாள் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. இதை எழுதப் பதினெட்டு வரி ஆனது. எந்த எல்ஸ் எந்த இஃபுக்கு என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.


பழையகோடு எழுதியது:

சன்னலை மூடியது நல்ல முடிவு. அடுத்த முறை கன்ட்ரோல் விசையோடு சி அழுத்துங்கள், போதும்.

பதில் "சரி" என்று வைத்துக்கொள்வோம். இடது கேள்வி: பதில் "சரி" இல்லாத வேறொன்றா? பொய். வலது கேள்வி: பதில் "வேண்டாம்" இல்லாத வேறொன்றா? உண்மை, அது "வேண்டாம்" அல்லதானே. ஆருக்கு ஒன்று உண்மையானால் போதும். ஒரு பதில் ஒரே நேரத்தில் இரண்டு சொல்லாகவும் இருந்தால்தான் இந்த வளையம் நிற்கும், அது நடக்காது. நீங்கள் நினைத்தது ஆண்ட்:

வைல் பதில் != "சரி" ஆண்ட் பதில் != "வேண்டாம்":

இதற்குத் தர்க்கத்தில் டி மார்கன் விதி என்று பெயர். "அ அல்லது ஆ" என்பதை மறுத்தால் "அ-வும் இல்லை, ஆ-வும் இல்லை" என்று ஆகும். மறுக்கும்போது ஆர் ஆண்ட் ஆகிவிடும். விதியின் பெயரை மறந்தாலும் உங்களுக்குக் குறையில்லை, தமிழிலேயே இருக்கிறது. உடன்பாட்டில் "பிரெஞ்சோ ஆங்கிலமோ" என்போம். எதிர்மறையில் "பிரெஞ்சும் இல்லை ஆங்கிலமும் இல்லை" என்போம். ஓ-வும் ஓ-வும் மறுக்கப்பட்டதும் உம்-மும் உம்-மும் ஆகிவிடுகின்றன. ஓ என்று வாய் சொன்னால் ஆர், உம் என்று சொன்னால் ஆண்ட். != பார்த்தால் உம் போட்டுச் சொல்லிப் பாருங்கள்.

இவை பற்றி இன்னொன்று: ஆண்ட், ஆர் இரண்டும் இடமிருந்து வலமாகப் போகும், விடை முடிவாகிவிட்டால் மீதியைப் பார்க்காது. பட்டியல் காலியாக இல்லைதானே என்று முதலில் கேட்டு, ஆண்ட் போட்டு, அப்புறம் பட்டியலின் முதல் பொருளைத் தொட்டால் பிழை வராது. வரிசையை மாற்றினால் வரும். இதை இப்போதைக்குக் காதில் போட்டு வையுங்கள்.

இனி அந்தப் பதினெட்டு வரி. ஏற்கும் வழியைத் தேடி உள்ளே உள்ளே போகாதீர்கள். மறுக்கும் காரணங்களை வாசலிலேயே ஒவ்வொன்றாகக் கேட்டு அனுப்பிவிடுங்கள். ஒரு செயற்கூறாக எழுதினால் ரிட்டர்ன் வந்ததும் வெளியே போய்விடும், எல்ஸே வேண்டாம்:

டெஃப் முடிவு(மொழி, கையில், நாட்கள், சொற்கள்):
    இஃப் மொழி நாட் இன் தெரிந்தவை:
        ரிட்டர்ன் "மொழி தெரியாது"
    இஃப் கையில் >= 4:
        ரிட்டர்ன் "கை நிறைய வேலை"
    இஃப் நாட்கள் < 3 ஆண்ட் சொற்கள் > 300:
        ரிட்டர்ன் "அவகாசம் போதாது"
    ரிட்டர்ன் "ஏற்கலாம்"

மூன்று இஃப், எல்லாம் ஒரே மட்டத்தில். உங்கள் விதியை நீங்கள் வாயால் சொன்ன வரிசையே இதுதான். மூன்றாவது வரியில் "300-க்குள் என்றால் பரவாயில்லை" என்பது திருப்பப்பட்டு "300-க்கு மேல் என்றால் மறு" என்று வந்திருக்கிறது, அதை மட்டும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள்.

எல்ஸ் பற்றி ஒரு சொந்தக் கதை சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சர்வர் அறையின் வெப்பநிலையைக் கண்காணிக்கும் சின்ன நிரல் ஒன்று எழுதினேன். 30-க்கு மேல் போனால் "சூடு" என்று எச்சரிக்கை. 10-க்குக் கீழே போனால் "குளிர்" என்று எச்சரிக்கை. எல்ஸ், "இயல்பு" என்று பச்சை விளக்கு. ஆறு வரி. பெருமையாகக் காட்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை யாரோ அறையைச் சுத்தம் செய்யும்போது உணரியின் கம்பி கழன்றுவிட்டது. உணரி என்ன கொடுத்தது தெரியுமா? நேன். "எண் அல்ல" என்று பொருள்படும் ஒரு தனி மதிப்பு. தசம எண்களுக்கான தரவிதிப்படி, பெரியதா, சிறியதா, சமமா என்று நேனோடு எதை ஒப்பிட்டாலும் விடை பொய். 30-ஐ விடப் பெரியதா? பொய். 10-ஐ விடச் சிறியதா? பொய். அது தனக்குத் தானே சமமா என்று கேட்டால்கூடப் பொய். இரண்டு வாசலிலும் நுழைய முடியாமல் நேராக எல்ஸுக்கு வந்தது. எல்ஸ் என்ன சொல்லும்? இயல்பு. அந்த வார இறுதியிலேயே குளிரூட்டியும் நின்றுபோனது. திங்கள் காலை கதவைத் திறந்தவர்களுக்கு அடுப்படியில் நுழைந்த மாதிரி இருந்தது. திரையில் பச்சை விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு வட்டுகள் போயின. ஒரு வாரம் யாரும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

நான் எழுதிய இரண்டு நிபந்தனையிலும் தவறில்லை. "மீதி எல்லாம் நல்லது" என்று எல்ஸை நம்பியதுதான் தவறு. அன்றிலிருந்து நல்ல நிலைமைக்கும் ஒரு நிபந்தனை எழுதுகிறேன்: 10-லிருந்து 30-க்குள் என்றால் இயல்பு. எல்ஸ் வந்தால் "எனக்குப் புரியவில்லை, வந்து பார்" என்று கத்தும். மேலே உங்கள் சொல் எண்ணிக்கைக்கு எல்ஸில் "சரிபார்" என்று போட்டது அந்தப் பழக்கத்தில்தான்.

எல்ஸ் எழுதாமல் விட்டாலும் வம்பு உண்டு. மைக்ரோசாஃப்டின் ஜூன் என்ற பாட்டுக் கருவி, 30 ஜிபி மாதிரி, 2008 டிசம்பர் 31 அன்று உலகெங்கும் உறைந்து நின்றது. 1980-லிருந்து எத்தனை நாள் என்ற எண்ணிக்கையை வைத்து ஆண்டைக் கண்டுபிடிக்கும் ஒரு வளையம் உள்ளே இருந்தது. நாட்கள் 365-ஐ விட அதிகமாக இருக்கும்வரை சுற்று. லீப் ஆண்டு என்றால், நாட்கள் 366-ஐ விட அதிகமாக இருந்தால், 366-ஐக் கழி. லீப் இல்லையென்றால் 365-ஐக் கழி. 2008 லீப் ஆண்டு, அன்று அதன் 366-ஆவது நாள். 366 என்பது 365-ஐ விட அதிகம், ஆகவே வளையம் சுற்றும். 366-ஐ விட அதிகம் இல்லை, ஆகவே எதையும் கழிக்காது. மறுபடி சுற்றும், மறுபடி கழிக்காது. உள் இஃபுக்கு ஒரு எல்ஸ் வைத்து வெளியேறியிருந்தால் முடிந்திருக்கும். மின்கலம் தீரும்வரை விட்டு, மறுநாள் நண்பகலுக்கு மேல் இயக்கச் சொன்னார்கள். வேலி ஓர எண்களைக் கொடுத்துப் பாருங்கள் என்று சொன்னேனே, 366 அப்படிப்பட்ட எண்.


நள்ளிரவு எழுதியது:

அடுப்படி! சிரிக்கக் கூடாதுதான்.


அரைப்புள்ளி எழுதியது:

உம் போட்டுச் சொல்லிப் பார்த்தேன், வளையம் நின்றுவிட்டது. பதினெட்டு வரி எட்டு வரியானதும் அழகாக இருக்கிறது.

ஆனால் பழையகோடு, கோபித்துக்கொள்ளாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் புத்தி, எதையும் இரண்டு முறை படிக்காமல் விடமாட்டேன். மீதி எல்லாம் நல்லது என்று நம்பக் கூடாது என்று கதை சொன்னீர்கள். நீங்கள் எழுதிக் கொடுத்த முடிவு செயற்கூற்றின் கடைசி வரி என்ன? எதிலும் மாட்டாதது எல்லாம் "ஏற்கலாம்". அது எல்ஸ் என்ற பெயர் இல்லாத எல்ஸ்தானே?

அதனால் என் பழைய வேலைப் பட்டியலையே அதில் போட்டுப் பார்த்தேன். ஒரு 250 சொல் பிரெஞ்சுக் கடிதம், கெடு முந்தாநாளே முடிந்துவிட்டது. நாட்கள் -2. மொழி தெரியும், கையில் இரண்டு வேலைதான், 300 சொல்லுக்குள். "ஏற்கலாம்" என்று வந்தது. நேற்றைக்கு முன்தினத்துக்குள் முடித்துக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை.


பழையகோடு எழுதியது:

மாட்டிக்கொண்டேன். கதை சொன்ன வாய் அதே பதிவில் பச்சை விளக்கைப் போட்டிருக்கிறது.

மொழிக்குக் கீழே இதைச் செருகுங்கள்:

    இஃப் நாட்கள் < 0:
        ரிட்டர்ன் "கெடு முடிந்துவிட்டது"
    இஃப் சொற்கள் <= 0:
        ரிட்டர்ன் "சொல் எண்ணிக்கையைச் சரிபார்"

கை நிறைய வேலை இருக்கிறதா என்ற கேள்விக்கு முன்பா பின்பா என்று கேட்டால், ஏற்பதா மறுப்பதா என்ற முடிவு இரண்டிலும் ஒன்றுதான். என்ன காரணம் சொல்லி மறுக்கிறது என்பது மட்டும் மாறும். எனக்கு முன்னால் இருப்பதுதான் பிடிக்கும். தரவே தப்பு என்றால் அதை முதலில் சொல்லட்டும்.

நாட்கள் 0 என்று வந்தால், அதாவது இன்றைக்கே கெடு என்றால், ஏற்பதா வேண்டாமா? அதை நான் முடிவு செய்ய முடியாது. < போடுவதா <= போடுவதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.


அரைப்புள்ளி எழுதியது:

<= போட்டுவிட்டேன். ராத்திரி பதினோரு மணிக்கு "இன்றைக்குள்" என்று அனுப்புகிறவர்களை எனக்குத் தெரியும்.